இரு பெயரும் ஒருவரே

1988இல் சேலம் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்த ஒரு பெண்ணை நினைத்துக்கொள்வோம். பிறப்புப் பதிவேட்டில் அவருக்குப் பெயரே இல்லை. 'பெண்' என்று எழுதி, தாய் தகப்பன் பெயரையும் தேதியையும் குறித்ததோடு சரி. பள்ளியில் சேர்த்த அன்று அப்பா வாயால் சொன்னதே பெயராயிற்று, முன்னால் அப்பாவின் இனிஷியல். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் அதே பெயர் ஆங்கிலத்தில் ஓர் எழுத்து கூடி வந்தது. கல்யாணமானதும் இனிஷியல் கணவருடையதானது. ரேஷன் கார்டிலும் வாக்காளர் அட்டையிலும் அது ஏறியது, பட்டச் சான்றிதழில் ஏறவில்லை. மணவாழ்க்கை முறிந்தபின் அவர் அரசிதழில் அறிவித்துப் புதுப் பெயர் ஒன்றைச் சூடிக்கொண்டார். பாஸ்போர்ட் அந்தப் பெயரில் வந்தது. இப்போது ஜெர்மனியில் வேலை பார்க்கிறார், அங்கேயே ஒருவரை மணக்க விரும்புகிறார். பதிவு அலுவலகம் பிறப்புச் சான்றும், மணவிலக்குத் தீர்ப்பும், இப்போது துணை யாரும் இல்லை என்பதற்கான சான்றும், பெயர் மாறியதற்கான ஆதாரமும் கேட்கிறது. தாளுக்கொரு பெயராக அவர் கையில் இருக்கிறது.

இந்தப் பெண் நான் கற்பித்துக்கொண்டவர். அவருடைய தாள்கள் மட்டும் கற்பனையல்ல. நம் வீட்டு பீரோக்களில் மஞ்சள் பையில் சுருட்டி வைத்திருப்பவைதாம் அவை. வெளிநாட்டில் திருமணம் என்று வரும்போது அவற்றை ஏன் இவ்வளவு துருவுகிறார்கள், நம் பெயர் மாற்ற நடைமுறை அங்கே எந்த இடத்தில் தடுக்கிறது என்பதைப் பார்க்கவே இந்தக் கட்டுரை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். எதிரே உட்கார்ந்திருக்கும் பதிவாளருக்கு உங்கள் பெயர் என்ன என்பதில் பெரிய அக்கறை இல்லை. அதற்கு பாஸ்போர்ட் போதும். அவர் தீர்த்துக்கொள்ள வேண்டிய ஐயம் வேறு: இந்த ஆளுக்கு வேறெங்காவது உயிருள்ள திருமணம் ஒன்று இருக்கிறதா? அதைத் தேட அவருக்குக் கிடைத்த ஒரே பிடி பெயர்தான். அது இடையில் மாறியிருந்தால் தேடலும் இரண்டாகப் பிளக்கிறது. ஆகவே பெயர் மாற்றத்துக்கான ஆதாரம் தனியாக நிற்கும் ஒரு தாள் அன்று. மணமாகாதவர் என்ற சான்றுக்கு முட்டுக்கொடுக்கும் கால் அது. இந்த உறவைப் புரிந்துகொள்ளாமல் சேர்க்கும் கோப்புதான் பெரும்பாலும் திரும்பி வருகிறது.

நம் மண்ணில் பெயர் மாற்றம் என்பது நெடுங்காலமாக ஓர் அறிவிப்பு. சுவாமி வேதாசலம் மறைமலை அடிகள் ஆனார். சூரியநாராயண சாஸ்திரி பரிதிமாற் கலைஞர் என்ற பெயரில் எழுதினார். நாராயணசாமி நெடுஞ்செழியனாகவும், ராமையா அன்பழகனாகவும் ஆனார்கள். சொன்னார்கள், ஊர் ஏற்றுக்கொண்டது, அதுவே போதுமானதாக இருந்தது. ஆங்கிலேயப் பொதுச் சட்டமும் ஏறத்தாழ இதே மனப்போக்கு உடையதுதான். ஏமாற்றும் நோக்கமில்லாமல் ஒருவர் எந்தப் பெயரையும் பூண்டுகொள்ளலாம்; இங்கிலாந்தில் எழுதிக்கொள்ளும் 'டீட் போல்' என்ற பத்திரம் அந்த முடிவுக்குச் சான்று மட்டுமே, பெயரை வழங்கும் ஆணை அன்று. அமெரிக்க மாநிலங்களில் பெரும்பாலும் நீதிமன்ற உத்தரவு கிடைக்கும் என்பதால், பெயர் மாற்றத்துக்கு அங்கே கனமான ஒரு தாள் கைவசம் இருக்கும்.

ஐரோப்பியக் கண்டத்தின் மரபு நேர் எதிரானது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், 1794 ஆகஸ்ட் 23 அன்று இயற்றிய சட்டம், பிறப்புப் பதிவில் உள்ள பெயரைத் தவிர வேறு பெயரை எந்தக் குடிமகனும் தாங்கக் கூடாது என்றது. அந்தக் கொள்கை இன்றும் அங்கே உயிரோடு இருக்கிறது. ஜெர்மனியில் நிர்வாக வழியாகப் பெயரை மாற்ற 1938ஆம் ஆண்டுச் சட்டம் தக்க காரணம் கேட்கிறது. இந்த நாடுகளில் ஒருவரின் வாழ்க்கை முழுவதும் பிறப்புப் பதிவேட்டின் ஓரத்தில் எழுதப்படும். திருமணம், மணவிலக்கு, பெயர் மாற்றம் எல்லாமே அந்த ஓரக் குறிப்புகளில் ஏறும். எனவே அந்நாட்டுப் பதிவாளர் நம் பிறப்புச் சான்றைக் கையில் வாங்கியதும் இயல்பாகவே ஓரத்தைப் பார்க்கிறார். அங்கே ஒன்றும் இல்லை. அவருடைய அறிவுக்கு எட்டியவரை, பெயர் மாறவே இல்லை என்றுதான் அதற்குப் பொருள்.

அரசிதழ் என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை

தமிழ்நாட்டில் பெயர் மாற்ற அறிவிப்பு தமிழ்நாடு அரசிதழின் ஆறாம் பகுதி, நான்காம் பிரிவில் வருகிறது. சென்னையில் உள்ள எழுதுபொருள் அச்சுத் துறை அதை வாரந்தோறும் வெளியிடுகிறது. இன்னாரின் மகன் அல்லது மகள், பிறந்த தேதி, சொந்த மாவட்டம், இப்போதைய முகவரி, இனிமேல் இன்ன பெயரால் அறியப்படுவேன் என்று ஒரே அச்சில் வார்த்த வாக்கியங்கள் வரிசையாக இருக்கும். பழைய பெயர், புதிய பெயர், தகப்பன் பெயர், பிறந்த நாள் நான்கும் ஒரே பத்தியில் சேர்ந்திருப்பதால், இந்தத் துறையில் நமக்குக் கிடைக்கும் மிக நல்ல தாள் இதுதான் என்பது என் கருத்து. அதிகாரப்பூர்வ அரசிதழை உண்மையானதென்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ள 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டமே இடம் வைத்தது. 2024 ஜூலையில் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டத்திலும் அந்த அனுமானம் தொடர்கிறது.

ஆனால் அதே இதழ், பெயர் மாற்ற அறிவிப்புகளுக்கு அரசு எந்தச் சட்டப் பொறுப்பும் ஏற்காது, விளைவுகள் அறிவித்தவரையே சேரும் என்றும் அச்சிடுகிறது. நமக்கு இது பழகிப்போன வாசகம். வெளிநாட்டு அலுவலருக்கு அதை மொழிபெயர்த்துக் கொடுத்தால் அவர் நெற்றி சுருங்குவதில் வியப்பில்லை. அரசு மாற்றிக் கொடுத்த பெயரா, விளம்பரம் கொடுத்துக்கொண்ட பெயரா என்பது அவருக்குப் பெரிய வேறுபாடு. இதற்கு நேர்மையான விடை, இந்தியச் சட்டத்தில் வயதுவந்தவரின் பெயர் மாற்றத்தை ஆணையிட்டு வழங்கும் தனி அதிகாரி இல்லை, அரசிதழே வழக்கமான சான்று என்பதுதான். தேவைப்பட்டால் இதைத் தூதரகத்திடமோ வழக்கறிஞரிடமோ எழுத்தில் வாங்கிக் கோப்பின் முன்னால் வைக்கலாம். பிரான்சில் இப்படி ஒரு நாட்டுச் சட்டத்தை விளக்கும் கடிதத்துக்குத் தனிப் பெயரே உண்டு. வழக்காற்றுச் சான்று என்று தமிழில் சொல்லலாம். திருமணக் கோப்பில் அதைக் கேட்டு வாங்குவது அங்கே இயல்பு.

பிறப்புச் சான்றையே திருத்தினால் என்ன என்று பலரும் கேட்பார்கள். 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, மூலப் பதிவை அழிக்காமல் ஓரத்தில் திருத்தம் எழுத இடம் தருகிறது. ஓரக் குறிப்பு என்ற கருத்து நம் சட்டத்துக்கும் அந்நியமன்று என்பதற்கு இதுவே சாட்சி. ஆனால் அந்தப் பிரிவு பேசுவது தவறான அல்லது மோசடியான பதிவைப் பற்றி. முப்பது வயதில் ஒருவர் மனமுவந்து எடுத்துக்கொண்ட பெயர் பதிவின் பிழை ஆகாது. நம் சேலத்துப் பெண்ணின் சிக்கல் இன்னும் ஒரு படி முன்னால் தொடங்குகிறது. அவர் பதிவில் திருத்துவதற்குக் கூடப் பெயர் இல்லை. பெயரில்லாத பதிவில் பெயரைச் சேர்ப்பது 14ஆம் பிரிவின் வேலை. அதற்குக் காலவரம்பு உண்டு, அந்த வரம்பை அரசு அவ்வப்போது நீட்டித்தும் வந்திருக்கிறது. அப்படி வாய்ப்பு கிடைக்கும்போது பள்ளிச் சான்றில் உள்ள முதற்பெயரைச் சேர்த்துவிடுவது நல்லது. புதிய பெயரைச் சேர்க்கலாமே என்று தோன்றும். அப்படிச் செய்தால் பள்ளிச் சான்று ஒட்டாமல் தொங்கும்.

அப்போஸ்டில் எதற்கு உறுதி

1961ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேர்ந்து, 2005 ஜூலை 14 முதல் அது நமக்கு நடைமுறையில் இருக்கிறது. வெளியுறவு அமைச்சகம் ஒட்டித் தரும் அப்போஸ்டில் சான்று, உறுப்பு நாடுகளுக்குள் தூதரக முத்திரைக்கு மாற்று. 2019 முதல் இந்தப் பணி டெல்லியோடு நில்லாமல் சென்னை உள்ளிட்ட நகரங்களுக்கும் பரவியது. கனடா 2024 ஜனவரி 11 முதல் உள்ளே வந்ததால், டொரன்டோவில் வாங்கிய தாளை இங்கே கொண்டுவருவோருக்கும் இங்கிருந்து கொண்டுபோவோருக்கும் வேலை எளிதாகியிருக்கிறது. அமீரகம், குவைத் போன்ற இடங்களுக்கு இன்னும் பழைய முறைதான். நம் அமைச்சகத்தின் முத்திரைக்குப் பின் அந்நாட்டுத் தூதரகத்தின் முத்திரையும் வேண்டும்.

அப்போஸ்டில் மீது நம் மக்கள் வைத்திருக்கும் நம்பிக்கை மட்டும் அளவுக்கு மீறியது. அது உறுதி செய்வது கையெழுத்தையும், கையெழுத்திட்டவரின் பதவியையும், முத்திரையையும் மட்டுமே. உள்ளே எழுதியிருப்பது உண்மையா என்பதை அது தொடுவதே இல்லை. நோட்டரி முன்னால் 'இரு பெயரும் ஒருவரே' என்று எழுதிக்கொடுத்த பிரமாணப் பத்திரத்துக்கு அப்போஸ்டில் வாங்கினால், நோட்டரியின் கையெழுத்து மெய் என்றாகும். இரு பெயரும் ஒருவரே என்பது அப்போதும் உங்கள் சொல்தான்.

ஜெர்மனி இதில் தனி. இந்தியா சேர்ந்தபோது அது மறுப்புத் தெரிவித்தது, அதனால் நம் அப்போஸ்டில் அங்கே செல்லாது. அங்குள்ள பதிவு அலுவலகம் கேட்டுக்கொண்டால், இங்குள்ள ஜெர்மன் தூதரகம் நம்பிக்கையான வழக்கறிஞர் ஒருவரை அமர்த்தி விசாரிக்கிறது. பதிவேட்டின் மூலப் பக்கத்தைப் பார்ப்பது, பள்ளியில் கேட்பது, அக்கம்பக்கத்தில் பேசுவது என்று அது மாதக்கணக்கில் நீளும். இந்த விசாரணையில் பெயர் மாற்றத்தை மறைப்பதைவிடப் பெரிய தவறு வேறில்லை. விசாரிக்க வருபவர் உங்கள் தெருவில் கேட்கப்போவது பழைய பெயரைத்தான். பக்கத்து வீட்டுப் பாட்டிக்குப் புதுப் பெயர் தெரிந்திருக்காது. முன்கூட்டியே இரண்டு பெயரையும் விண்ணப்பத்தில் எழுதி, வீட்டாரிடமும் அண்டை அயலாரிடமும் சொல்லிவைத்தவருக்கு விசாரணை ஓர் உதவி. பெயர் மாற்றத்தை அந்தத் தெருவே உறுதி செய்துவிடும்.

மணமாகாதவர் சான்று எந்தப் பெயரில்?

கட்டுரையின் நடு இதுதான். இந்தியாவில் நாடு முழுவதற்குமான திருமணப் பதிவேடு ஒன்று இல்லை. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டம் எல்லாத் திருமணங்களையும் பதியச் சொல்கிறது. அதற்கு முன் கோயிலிலும் வீட்டிலும் நடந்த எத்தனையோ திருமணங்கள் எந்த ஏட்டிலும் இல்லை. ஆகவே 'மணமாகவில்லை' என்று தேடிப்பார்த்துச் சொல்ல நம்மிடம் ஓரிடமும் கிடையாது. கிடைப்பவை வருவாய்த் துறையின் மணமாகாதவர் சான்று, பெற்றோரும் விண்ணப்பதாரரும் கொடுக்கும் பிரமாணப் பத்திரம், வெளிநாட்டில் இருப்பவருக்கு இந்தியத் தூதரகம் தரும் சான்று ஆகியவை. ஜெர்மனியில் வெளிநாட்டவர் மணத் தகுதிச் சான்று கொண்டுவர வேண்டும். அதை வழங்க இந்தியாவில் அமைப்பு இல்லாததால், அங்குள்ள மேல்நிலை நீதிமன்றம் விலக்கு அளிக்கிறது. அந்த விலக்கு ஆறு மாதம்தான் செல்லும். இத்தாலியில் தூதரகத்தின் தடையின்மைச் சான்று கேட்பார்கள்.

இவை எல்லாவற்றையும் புதிய பெயரில் மட்டும் வாங்கிக்கொண்டு போவதுதான் நான் பார்க்கும் பொதுவான பிழை. புதிய பெயர் பிறந்தே இரண்டு ஆண்டு ஆகியிருந்தால், அந்தப் பெயரில் மணமாகவில்லை என்ற சான்று அந்த இரண்டு ஆண்டுக்குத்தான் பேசும். அதற்கு முன் முப்பது ஆண்டு இன்னொரு பெயரில் வாழ்ந்தவரைப் பற்றி அது வாய் திறக்காது. பழைய பெயர், இன்ன தேதி அரசிதழ், புதிய பெயர் மூன்றையும் சான்றின் வாசகத்துக்குள்ளேயே கொண்டுவரும்படி தாசில்தாரிடமோ தூதரகத்திடமோ விண்ணப்பத்திலேயே எழுதிக் கேட்க வேண்டும். பிரமாணப் பத்திரம் நம் கையில் உள்ளது என்பதால் அதில் தவறவிடக் காரணமே இல்லை. பெற்றோர் கொடுக்கும் பத்திரமும் இரு பெயரையும் சொல்லட்டும். பெயர் வைத்தவர்களின் சொல் அங்கே எடுபடும்.

மணவிலக்கு பெற்றவருக்கு இன்னொரு கண்ணி சேர்கிறது. தீர்ப்பில் உள்ள பெயர் வழக்குத் தொடுத்தபோது இருந்த பெயர், அதாவது கணவரின் இனிஷியலோடு. அந்த இனிஷியலுக்கு எந்தத் தாளும் கிடையாது. இந்தியச் சட்டம் எந்த மனைவியையும் கணவர் பெயரை ஏற்கச் சொல்லவில்லை. நம் வழக்கம் ஓர் எழுத்தை எடுத்து இன்னோர் எழுத்தை வைத்தது, யாரும் அரசிதழுக்குப் போகவில்லை. ஆண்களுக்குப் பிறந்த நாள் முதல் இறுதி வரை ஒரே இனிஷியல். பெண்ணுக்கு ஒவ்வொரு உறவும் ஒரு பெயர் மாற்றம், அதை நிரூபிக்கும் சுமையும் அவருக்கே. இதை நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை. நடைமுறையில், பதிவு செய்த முதல் திருமணச் சான்றோ, திருமணப் பத்திரிகையோடு சேர்ந்த பிரமாணப் பத்திரமோ இந்த இனிஷியல் மாற்றத்தைத் தாங்கிப் பிடிக்கும். முதல் திருமணத்தின் தாள்களைக் கசப்பில் கிழித்துப்போட்டவர்கள் இங்கேதான் தவிக்கிறார்கள்.

எழுத்துகள் செய்யும் வேலை

பெயர் மாறாமலே பெயர் மாறும் இடம் ஒன்று உண்டு, ஒலிபெயர்ப்பு. தமிழில் 'ச.' என்று இருக்கும் இனிஷியல் சண்முகமா, சந்திரனா? முதலாவதென்றால் ஆங்கிலத்தில் எஸ், இரண்டாவதென்றால் சி. மொழிபெயர்ப்பாளருக்குத் தகப்பன் பெயரைச் சொல்லாவிட்டால் அவர் ஊகிப்பார், ஊகம் பாஸ்போர்ட்டோடு முரண்படும். 'ழ'வை இசட்-எச் என்று ஒருவரும் எல் என்று ஒருவரும் எழுதுவார்கள். 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு இனிஷியலையும் தமிழிலேயே எழுதச் சொன்னதை நான் மனமார வரவேற்கிறேன். அதனாலேயே தகப்பன் பெயரை முழுதாக எழுதும் பழக்கமும் கூடவே வர வேண்டும்.

இது நமக்கு மட்டும் நேர்வதன்று. ஜெர்மனியில் தொழில் செய்த கிரேக்கர் ஒருவர் அங்கே திருமணப் பதிவேட்டில் உள்ள தம் பெயரைத் திருத்தக் கேட்டார். அலுவலகம் கிரேக்கப் பிறப்புச் சான்றை எழுத்துக்கு எழுத்து பெயர்க்க, கிறிஸ்டோஸ் என்ற அவர் பெயர் ஹ்ரேஸ்டோஸ் ஆகிவிட்டது. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. உச்சரிப்பே சிதையும் அளவுக்குப் பெயரை மாற்றி எழுதி, அதனால் வாடிக்கையாளர் அவரை வேறொருவரோடு குழப்பிக்கொள்ள நேர்ந்தால், அது அவருடைய தொழில் உரிமைக்கு இடையூறு என்று 1993 மார்ச் 30 அன்று தீர்ப்பு வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இன்று பிறப்பு, பெயர், மணத் தகுதி பற்றிய தாள்களுக்கு அப்போஸ்டிலே தேவையில்லை; 2019 பிப்ரவரி முதல் அந்த விதி நடைமுறையில் இருக்கிறது. வெளியிலிருந்து வரும் நமக்கு அந்தச் சலுகை இல்லை.

குடும்பப் பெயர் என்ற கட்டமும் நம்மைப் படுத்துகிறது. பாஸ்போர்ட்டில் அதைக் காலியாக விட்டவருக்கு அமெரிக்க விசாவில் முதற்பெயர் தெரியவில்லை என்று பொருள்படும் எஃப்.என்.யூ. என்ற மூன்றெழுத்து விழும். அமீரகம் 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர்ப் பயணிகளுக்குக் கட்டுப்பாடு விதித்தபோது நம்மவர் பட்ட பதற்றம் நினைவிருக்கும். ஈழத்திலிருந்து புலம்பெயர்ந்த தமிழரிடையே தகப்பன் பெயரும் தன் பெயரும் இடம் மாறிப் பதிவானது குடும்பத்துக்குக் குடும்பம் கேட்கும் கதை. இலங்கைச் சட்டத்தில் பிறப்புப் பதிவிலேயே பெயரைச் சேர்க்கவோ மாற்றவோ வழி இருப்பதால், அவர்களுக்குச் சில நேரம் நம்மைவிட உறுதியான தாள் கிடைக்கிறது.

கோப்பு சேர்க்கும் முறை பற்றி ஒன்று. ஒரு வெள்ளைத்தாளில் உங்கள் தாள்களைத் தேதி வரிசையில் எழுதுங்கள், ஒவ்வொன்றின் எதிரேயும் அதில் உள்ள பெயரை எழுத்து மாறாமல் எழுதுங்கள். எந்த இரண்டு வரிகளுக்கு நடுவில் பெயர் மாறுகிறதோ அங்கே ஒரு கோடு போடுங்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு தாள் வேண்டும். பெரிய மாற்றத்துக்கு அரசிதழ், இனிஷியல் மாற்றத்துக்குத் திருமணச் சான்று, எழுத்து வேறுபாட்டுக்கு ஒரே நபர் என்ற பிரமாணப் பத்திரமோ தூதரகச் சான்றோ. பெயர் மாற்றத்தை முதலில் முடித்து, பாஸ்போர்ட்டை மாற்றி, மணமாகாதவர் சான்றைக் கடைசியில் வாங்க வேண்டும். அரசிதழ் பழசாவதில்லை. மணநிலைச் சான்று சில மாதத்தில் காலாவதியாகிவிடும், அதை முதலில் வாங்கியவர் இரண்டாம் முறையும் அலைவார். திருமணம் நெருங்கிய பின் பெயரை மாற்றுவதைத் தள்ளிவைப்பதே நல்லது. வெளிநாட்டில் உள்ள இந்தியத் தூதரகத்தில் 1969ஆம் ஆண்டு வெளிநாட்டுத் திருமணச் சட்டப்படி மணப்பதும் ஒரு வழி. அங்கே அரசிதழ் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த வகைத் திருமணத்தை உள்ளூர்ச் சட்டம் ஏற்கிறதா என்று முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு தாளும் ஓர் இடைவெளியை நிரப்பத்தான்: பிறப்புப் பதிவில் பிற்காலப் பெயருக்கு இடமில்லை. இடம் தர முடியாது என்றும் இல்லை. 2019ஆம் ஆண்டுத் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், மாவட்ட ஆட்சியரிடம் அடையாளச் சான்று பெற்றவர் பிறப்புச் சான்றிலேயே முதற்பெயரை மாற்றிக்கொள்ளலாம் என்கிறது. 2021இல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் தொடர்பான வழக்கில், பெயர் ஒருவரின் கருத்துரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பின்னாளில் மாறிய பெயரைப் பழைய பதிவு தெரியும்படி குறிப்போடு சான்றிதழில் ஏற்றவும் வழி காட்டியது. அதே குறிப்பை அரசிதழ் எண்ணோடும் தேதியோடும் பிறப்புப் பதிவின் ஓரத்தில் எல்லாருக்கும் எழுதித் தந்தால், சேலத்துப் பெண் ஒரே தாளோடு அந்த மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். மாநிலப் பதிவேடுகள் கணினிக்கு வந்துவிட்ட காலத்தில் இதற்கு ஒரு விதித்திருத்தம் போதும்.

அதுவரை அவர் கோப்பை மூடிவிடக் கூடாது. திருமணத்தன்று ஜெர்மன் பதிவாளர், மணத்துக்குப் பின் எந்தப் பெயரைத் தாங்கப்போகிறீர்கள் என்று கேட்பார். அங்கே கணவரின் குடும்பப் பெயரை ஏற்பதாகச் சொன்னால், இந்திய பாஸ்போர்ட்டிலும் அதை மாற்ற வேண்டிவரும், வெள்ளைத்தாளில் இன்னொரு கோடு விழும். குழந்தை பிறந்து அதன் பிறப்பைப் பதியப் போகும்போது, அதே அலுவலகம் தாயின் பிறப்புச் சான்றை மறுபடியும் கேட்கும்.